தேடினேன், இல்லை

என்னுடைய முனைவர் பட்ட ஆய்வுச் சுருக்கத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ‘இப்பகுதிக் கண்மாய்களின் நீர்ப்பங்கீட்டு முறை குறித்து இதுவரை விரிவான ஆய்வுகள் எவையும் மேற்கொள்ளப்படவில்லை.’ ஆய்வு மாணவர்கள் எல்லோரும் இப்படி ஒரு வாக்கியத்தை எழுதியிருப்போம். எழுதாவிட்டால் கைடு விடமாட்டார். “கேப் எங்கப்பா? மொதல்ல கேப்பக் காட்டு” என்பார். ஏற்கெனவே யாராவது செய்துவிட்ட வேலை என்றால் உனக்கு எதற்கு உதவித்தொகை என்பது அதன் பொருள்.

அந்த வாக்கியத்தை நான் எழுதிய மாலை நன்றாக நினைவிருக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தின் மாடியில் கணினி அறை. ஆறு கணினிகளில் நான்கு வேலை செய்யும். மூடுவதற்கு முக்கால் மணி நேரம் இருந்தது. ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கான டேட்டாபேஸைத் திறந்து, நான்கைந்து சொற்களைப் போட்டுத் தேடினேன். மாவட்டத்தின் பெயரோடு கண்மாய் என்ற சொல்லையும் நீர்ப்பங்கீடு என்ற சொல்லையும் சேர்த்துப் போட்டபோது திரையில் பூஜ்ஜியம் வந்தது. அப்போது என்ன உணர்ந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தோஷப்பட்டேன். தேர்வு எழுதாமலே பாஸாகிவிட்டவனின் சந்தோஷம். இறங்கி வந்து டீ குடித்துவிட்டு, அன்றிரவே அந்த வாக்கியத்தை டைப் செய்தேன்.

இந்தக் கட்டுரை அந்தச் சந்தோஷத்தைப் பற்றியது. ‘தேடினேன், இல்லை’ என்று ஒருவர் எப்போது சொல்லலாம்? அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை எப்படிக் கிடைக்கிறது? கேட்பதற்கு இது நூலகப் பயிற்சி வகுப்பில் பேச வேண்டிய விஷயம் போலத் தோன்றும். எனக்கு இது ஓர் அறக்கேள்வியாக மாறிப்போனது.

*

முதலில் அந்தப் பூஜ்ஜியம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம்.

டேட்டாபேஸ் எதையும் படிப்பதில்லை. நாம் கொடுக்கும் எழுத்துகளின் வரிசை, அதனிடம் இருக்கும் எழுத்துகளின் வரிசையோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறது. ‘இதுவும் அதுவும்’, ‘இது அல்லது அது’, ‘இது, ஆனால் அது இல்லாமல்’ என்று மூன்று விதமாகச் சொற்களைக் கோக்கலாம். இவற்றுக்கு பூலியன் என்று பெயர். 1854-இல் சிந்தனையின் விதிகளை அல்ஜீப்ராவாக எழுதிய ஜார்ஜ் பூல் நினைவாக வந்த பெயர். ‘உம்’ போட்டுச் சொற்களைச் சேர்த்துக்கொண்டே போனால் முடிவுகள் குறைந்துகொண்டே வரும். போதுமான ‘உம்’கள் இருந்தால் உலகத்தில் எந்த விஷயத்தையும் பூஜ்ஜியமாக்கிவிடலாம்.

எங்கள் பக்கத்தில் கண்மாய் என்பதை வடக்கே ஏரி என்பார்கள். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் அரசாங்கக் காலத்துப் பழக்கப்படி டேங்க் என்பார்கள். கண்மாய் என்பதை ஆங்கில எழுத்தில் எழுத எனக்குத் தெரிந்தே ஐந்து வழிகள் இருக்கின்றன. கடைசியில் ‘ஓ-ஐ’ போடுவார்கள், ‘ஏ-ஐ’ போடுவார்கள், சிலர் ‘ஒய்’ போட்டு முடிப்பார்கள். அகராதி முறைப்படி எழுதுகிறவர்கள் எழுத்துக்கு மேலே கோடும் கீழே புள்ளியும் வைப்பார்கள். டேங்க் என்று தேடினால் பீரங்கி வண்டியும் மீன்தொட்டியும் பெட்ரோல் கிடங்கும் வரும். ஏரி என்று ஆங்கில எழுத்தில் தேடினால் அஸ்ஸாமின் எரி பட்டு வந்து நிற்கும். டேவிட் மோஸ் என்ற மானுடவியலாளர் பழைய ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கண்மாய்களைப் பற்றி ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ என்று ஒரு பெரிய புத்தகமே 2003-இல் எழுதியிருக்கிறார். நான் கோத்த சொல்வரிசையில் அது சிக்கவில்லை. தலைப்பில் கண்மாயும் இல்லை, டேங்கும் இல்லை, எங்கள் மாவட்டத்தின் பெயரும் இல்லை. சில மாதங்களுக்குப் பிறகு வேறொருவரின் அடிக்குறிப்பில்தான் அதைக் கண்டுபிடித்தேன்.

தண்ணீரைப் பங்கிட்டு விடுகிறவருக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர். நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி, கம்புகட்டி, மடைக்குடும்பன். இந்தச் சொற்களை எல்லாம் ஒன்றுக்கொன்று ‘அல்லது’ போட்டுத் தேட வேண்டும் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. யாரும் சொல்லித்தரவில்லை என்பதை ஒரு சாக்காக இப்போதைக்கு இங்கே வைத்துக்கொள்கிறேன். பிறகு எடுத்துவிடுவேன்.

*

2001-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வு நடந்தது. நலமாக இருப்பவர்கள் தன்னார்வலர்களாக வந்து ஹெக்சாமெத்தோனியம் என்ற வேதிப்பொருளை மூச்சோடு உள்ளிழுக்க வேண்டும். நுரையீரல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பார்கள். அதில் பங்கேற்ற ஒரு பெண்ணுக்கு வயது 24. அங்கேயே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். உள்ளிழுத்த மறுநாளே இருமல் தொடங்கியது. நுரையீரல் பாதிக்கப்பட்டு, ஒரு மாதத்துக்குள் ஜூன் 2 அன்று இறந்துபோனார்.

ஆய்வாளர் தேடாமல் இருக்கவில்லை. பப்மெட் என்ற மருத்துவ டேட்டாபேஸில் தேடினார், பாடநூல்களைப் பார்த்தார். அந்தப் பொருள் நுரையீரலைக் கெடுக்கும் என்று எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஹெக்சாமெத்தோனியம் 1950-களில் உயர் ரத்த அழுத்தத்துக்குத் தரப்பட்ட மருந்து. அதைச் சாப்பிட்ட நோயாளிகளின் நுரையீரலில் சிக்கல் வந்ததைப் பற்றிய கட்டுரைகள் அந்தப் பத்தாண்டின் மருத்துவ இதழ்களில் இருந்தன. பப்மெட்டோ அப்போது 1966-இலிருந்துதான் தொடங்கியது. அதற்கு முந்தையவை அச்சடித்த அட்டவணைகளில், கனமான தொகுதிகளாக, நூலக அலமாரிகளில் இருந்தன. விஷயம் வெளியானதும் நூலகர்கள் சிலர் தேடிப் பார்த்து அவற்றை எடுத்துக் காட்டினார்கள். ஜூலையில் அமெரிக்க அரசு, தன் நிதியில் அங்கே மனிதர்களை வைத்து நடந்த ஆய்வுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சில நாட்களுக்கு நிறுத்திவைத்தது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வந்த எண்ணம் கொஞ்சம் அசிங்கமானது. ‘நல்லவேளை, நம்ம கேப்பால யாரும் சாகல.’ கண்மாய்த் தண்ணீரைப் பற்றிய ஒரு கட்டுரை தப்பாகப் போனால் என்ன ஆகிவிடும்? ஆனால் அந்த எண்ணத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. விளைவு வேறுதான். செயல் ஒன்றுதான். இருவரும் ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ஜன்னலுக்கு வெளியே சுவர் எங்கே முடிகிறது என்று பார்க்காமல், அங்கே ஒன்றும் இல்லை என்றோம்.

*

ஆங்கிலக் கணிதவியலாளர் வில்லியம் கிளிஃபோர்டு 1877-இல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது. புலம்பெயரும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு புறப்படப் போகிறது. கடலுக்குத் தகுதியானதுதானா என்று அவருக்குள் சந்தேகம். பரிசோதித்தால் செலவாகும். இத்தனை பயணம் போய் வந்த கப்பல்தானே, இந்த முறையும் வந்துவிடும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, கடைசியில் உண்மையாகவே நம்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்.

அவர் மனதார நம்பினாரே, பொய் சொல்லவில்லையே என்று நாம் கேட்கலாம். அப்படி நம்புவதற்கு அவருக்கு உரிமையே இல்லை என்கிறார் கிளிஃபோர்டு. அந்த நம்பிக்கையைப் பொறுமையாக விசாரித்துச் சம்பாதிக்கவில்லை, சந்தேகத்தை அமுக்கிச் சம்பாதித்தார். அடுத்து அவர் சொல்வதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் அதே அளவு குற்றவாளிதான். கண்டுபிடிக்கப்படாத குற்றவாளி, அவ்வளவே.

இந்தக் கேள்வியை நம் பக்கத்துத் தர்க்கக்காரர்கள் இன்னும் நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பொருள் இல்லை என்பதை நாம் எப்படி அறிகிறோம்? தரையில் குடம் இல்லை என்பது எனக்குத் தெரிகிறது. இல்லாத குடத்தைக் கண்ணால் பார்த்தேனா? குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் இதற்கென்றே தனியாக ஓர் அளவை வைத்தார்கள். அனுபலப்தி, அதாவது காணாமையால் அறிதல். மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் வரும் அளவைகளின் பட்டியலிலும் அபாவம் என்று இது இடம்பெறுகிறது. இது தனி அளவையா என்று நையாயிகர்கள் சண்டை போட்டார்கள். அது நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது அதில் உள்ள நிபந்தனை.

எல்லாக் காணாமையும் அறிவாகாது. இருட்டறையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை என்று ஆகாது. ‘இருந்திருந்தால் கண்டிருப்பேன்’ என்று சொல்லக்கூடிய நிலையில் நான் இருக்க வேண்டும். வெளிச்சம் வேண்டும், கண் வேண்டும், பொருளும் காணத்தக்கதாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது தகுதியுள்ள காணாமை. பௌத்தரான தர்மகீர்த்தி பிசாசை உதாரணம் காட்டுகிறார். பிசாசு கண்ணுக்குத் தெரியாத பொருள் என்பதால், கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை வைத்து அது இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

ஹாப்கின்ஸ் ஆய்வாளருக்கு 1966-க்கு முந்தைய கட்டுரைகள் பிசாசு. அவர் பார்த்த கருவிக்கு அவை தெரியாது. எனக்கு எது பிசாசு என்பது மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

*

கட்டுரை எழுதி முடித்து, ஓர் ஆங்கில ஆய்விதழில் வெளியாகியும்விட்டது. ஆய்வேட்டின் பின்னிணைப்புக்காகக் களப்பணிப் பதிவுகளை எழுத்தில் கொண்டுவரும் வேலை மிச்சமிருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, வரிவரியாக. நான்காவது பதிவு ஓர் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியருடையது. ஊரில் யாரைக் கேட்டாலும் “வாத்தியார்கிட்டப் போங்க” என்பார்கள். அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி பத்து நிமிடம் பேசியிருக்கிறோம். என் கட்டுரையில் அவர் ‘தகவலாளர் 4, ஆண், வயது 78’.

முப்பத்தேழாவது நிமிடத்தில் நான் கேட்கிறேன்: “மடை தொறந்தா தண்ணி எந்த வரிசையில போகும் ஐயா?”

அவர் சொல்கிறார்: “தலைமடையில ஆரம்பிச்சு கடைமடைக்குப் போகும். அது வழமையான வருசத்துல. மத்ததெல்லாம் அப்பவே எழுதியிருக்கேன் தம்பி, எண்பத்தி மூணுல. கோயில் மலர்ல வந்துச்சு.”

நான் சொல்கிறேன்: “சரிங்கய்யா. இந்தக் கலுங்கு எந்த வருசம் கட்டுனது?”

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். திரும்ப மாட்டிக்கொண்டு அந்த இடத்தை ஆறேழு முறை கேட்டேன். என் குரலில் அவசரம்கூட இல்லை. மரியாதையாகத்தான் பேசியிருக்கிறேன். சரிங்கய்யா என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வாக்கியம் எனக்குள் போகவே இல்லை. ஒரு மனிதர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, இருக்கிறது என்கிறார். ஏற்கெனவே ஒரு திரை இல்லை என்று சொல்லிவிட்டதால் எனக்குக் காது கேட்கவில்லை.

முன்னே சாக்காக வைத்தேனே, ‘யாரும் சொல்லித்தரவில்லை’ என்று, அதை இங்கே எடுத்துவிடுகிறேன். டேட்டாபேஸ் மேல் எந்தத் தப்பும் இல்லை. தன்னிடம் இல்லாததை அது இல்லை என்றது. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தகவல் தருகிறவர் எழுதியும் இருப்பார் என்பது என் மண்டையில் ஏறவில்லை. அவர் பேசுவார், நான் எழுதுவேன் என்பதுதான் எங்களுக்குள் நானே செய்துகொண்ட ஒப்பந்தம். அவருக்கு அது தெரியாது.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். வாத்தியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஞாபகம் வைத்திருந்தார். கேட்டதும் உள்ளே போய் ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த மலரை எடுத்து வந்தார். 1983-ஆம் வருடக் குடமுழுக்கு விழா மலர். அட்டையில் கோபுரம். உள்ளே பாதிக்குப் பாதி விளம்பரம், அரிசி ஆலை, நகைக்கடை, வாழ்த்துச் செய்திகள். நடுவில் பதினோரு பக்கத்துக்கு அவருடைய கட்டுரை.

கட்டுரையைப் பெரிதாகப் புகழ்ந்து, இழைத்த பாவத்துக்குப் பரிகாரம் தேடிக்கொள்ள நான் விரும்பவில்லை. முதல் மூன்று பக்கம் பாண்டியர் காலம் என்று ஆரம்பித்து ஆதாரம் எதுவும் தராமல் போகிறது. கண்மாய்க் கரையைப் பலப்படுத்தப் பணம் கொடுத்தவரின் குடும்பப் பெருமை ஒரு பக்கம். ஆனால் மிச்சம் ஏழு பக்கங்களில், ஒவ்வொரு மடைக்கும் எத்தனை நிலம், யார் முறை எத்தனை நாழிகை, நீர்ப்பாய்ச்சிக்குக் களத்தில் எவ்வளவு நெல் என்று அட்டவணை போட்டிருக்கிறார். பதினைந்து வருடம் வரப்பு வரப்பாக நடந்து சேர்த்தது. எட்டாம் பக்கத்தில் இருக்கிறது, அவர் என்னிடம் சொல்லாமல் விட்ட ‘மத்தது’. கண்மாய் பாதிக்கு மேல் நிரம்பாத வருடங்களில் முறை தலைகீழாகும். கடைமடையிலிருந்து தண்ணீர் தொடங்கும். கடைமடையில் நிலம் வைத்திருந்தவர்கள் அநேகமாகக் குறுநிலக்காரர்கள். ஒரு பஞ்ச வருடத்துச் சண்டைக்குப் பிறகு ஊர்க்கூட்டத்தில் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

என் கட்டுரையின் மையவாதமே, நீர்வரிசை எப்போதும் தலைமடைக்காரர்களின் பக்கம் என்பதுதான். நிலமும் சாதியும் அதிகாரமும் மேலிருந்து கீழே தண்ணீரோடு சேர்ந்து பாய்கின்றன என்று அழகாக எழுதியிருந்தேன். அழகாக இருந்ததாலேயே அதற்கு மேல் தேடாமல் விட்டேனோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. அந்த ஊர் எல்லோருக்கும் சமமான ஊர் என்று நான் சொல்லவரவில்லை. வாத்தியாரும் அப்படி எழுதவில்லை. ஆனால் தண்ணீர் இல்லாத காலத்துக்கென்று அந்த ஊர் ஒரு நியாயத்தை வைத்திருந்தது. நான் அதை அழித்துவிட்டேன். அதற்குள் வேறு யாரோ ஒருவர் என் கட்டுரையை மேற்கோள் காட்டி, தலைமடை ஆதிக்கத்துக்கு உதாரணமாக அந்தக் கண்மாயின் பெயரைப் போட்டிருந்தார்.

இப்போது நீங்கள் அந்தக் கண்மாயைப் பற்றி அதே டேட்டாபேஸில் தேடினால் பூஜ்ஜியம் வராது. ஒன்று வரும். அது என்னுடையது. தப்பு.

வாத்தியார் கோபப்படவில்லை. “நாந்தான் சொன்னேன்ல, எழுதியிருக்கேன்னு” என்று மட்டும் சொன்னார். பிறகு, “உங்க கட்டுரைய எங்க படிக்கலாம்? பேரன் போன்ல தேடிக் குடுத்தான். மொதப் பக்கந்தான் தெரியுது, மிச்சத்துக்குப் பணம் கேக்குது” என்றார்.

*

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் நியாயமாகவே கேட்டார்: “கோயில் மலரை எல்லாம் தேட முடியுமாடா? அதெல்லாம் பீர் ரிவ்யூ கெடையாது. இப்படிப் பாத்தா ஒருத்தனும் எதையும் எழுத முடியாது.”

முதல் பாதிக்கு என்னிடம் பதில் உண்டு. ஒரு கருத்தின் மதிப்பைத் தீர்மானிக்க நிபுணர் ஆய்வு தேவைப்படலாம். ஒரு கட்டுரை இருக்கிறதா இல்லையா என்பதற்கு அது தேவையில்லை. நான் எழுதியது ‘தரமான ஆய்வு இல்லை’ என்று அல்ல, ‘எவையும் மேற்கொள்ளப்படவில்லை’ என்று. மேற்கொண்டவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் பாதி கஷ்டமானது. எவ்வளவு தேடினால் போதும்? தேடலுக்கு முடிவே இல்லை என்றால், தேடிக்கொண்டே இருப்பதும் எழுதாமல் தப்பிக்க ஒரு வழியாகிவிடும். அப்படி ஏழெட்டு வருடம் தேடிக்கொண்டே இருக்கும் சீனியர்கள் எனக்குத் தெரியும். கிளிஃபோர்டை அப்படியே பிடித்துக்கொண்டால் ஒரு கப்பலும் துறைமுகத்தை விட்டுக் கிளம்பாது. தவிர, கதவுகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறப்பதும் இல்லை. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ‘ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்’ திட்டத்தில் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பெரிய பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் இப்போது அரசு கல்வி நிறுவனங்களுக்குள் வருகின்றன. நல்ல காரியம். என் நூலகத்தில் பூட்டியிருந்த பல கதவுகள் அதில் திறந்தன. ஆனால் கல்லூரிக்கு வெளியே இருக்கும் வாத்தியாருக்கு அதில் இடமில்லை. அவருடைய மலருக்கும் அந்தப் பதிமூவாயிரத்தில் இடமில்லை. அவர் எழுதியது எனக்குத் தெரியாது, நான் எழுதியது அவருக்குத் திறக்காது. சீர்காழியில் பிறந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது அதில் இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. மூன்றாவது விதியை நான் பல காலம் ஓர் அழகான எதிரொலி என்று மட்டுமே நினைத்திருந்தேன். வாத்தியார் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோதுதான் அது ஒரு கடமை என்று புரிந்தது. அந்தப் பதினோரு பக்கங்களுக்கு உரிய வாசகன் நான்தான். மிகவும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

எவ்வளவு போதும் என்ற கேள்விக்கு அளவுக்கோலாக ஒரு பதில் என்னிடம் இல்லை. ஆனால் அனுபலப்திக்காரர்களின் நிபந்தனையைத் திருப்பிப் போட்டால் ஒன்று கிடைக்கிறது. எல்லா இடத்திலும் தேடுவது என் கடமையாக இருக்க முடியாது. எங்கே தேடினேன் என்று சொல்வது என் கடமை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிறவர்கள் இதை ஒரு நெறியாகவே வைத்திருக்கிறார்கள். 2009-இல் வந்து 2020-இல் புதுப்பிக்கப்பட்ட பிரிஸ்மா என்ற வழிகாட்டி, எந்த டேட்டாபேஸ்களில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களைப் போட்டுத் தேடினீர்கள் என்று எழுதச் சொல்கிறது. படிக்க அலுப்பான பக்கம்தான். ஆனால் அந்தப் பக்கம் வாசகரிடம், ‘இதோ என் ஜன்னல், இதற்கு வெளியே நான் பார்க்கவில்லை’ என்கிறது. வெளியே இருப்பவர் வந்து கதவைத் தட்டுவதற்கு ஓர் இடம் விடுகிறது. ‘இல்லை’ என்ற சொல் அந்த இடத்தையும் அடைத்துவிடுகிறது.

இன்று பலர் டேட்டாபேஸ் பக்கமே போவதில்லை, சாட்பாட்டிடம் கேட்கிறார்கள். அது சுலபத்தில் இல்லை என்று சொல்வதில்லை. இல்லாத கட்டுரைக்கும் தலைப்பும் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் உண்டாக்கித் தந்துவிடக்கூடியது. 2023-இல் நியூயார்க்கில் அப்படிக் கிடைத்த பொய் வழக்குகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். அதோடு ஒப்பிட்டால் அந்தப் பழைய பூஜ்ஜியம் எவ்வளவு நேர்மையானது என்று தோன்றுகிறது. அது ‘என்னிடம் இல்லை’ என்றது. அதிலிருந்து ‘என்னிடம்’ என்ற சொல்லை வெட்டியவன் நான்.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தேடி முடித்ததும் என் மனசைப் பார்த்துக்கொள்கிறேன். பூஜ்ஜியம் வந்து, அது எனக்குப் பிடித்திருந்தால் இன்னும் ஒரு நாள் தேடுகிறேன். எரிச்சலாக இருந்தால் ஓரளவு நம்பலாம். ஆசைப்பட்ட பதிலுக்குத்தான் கூடுதல் சாட்சி வேண்டும். களத்தில் யாரைச் சந்தித்தாலும் கடைசியாக ஒரு கேள்வி கேட்கிறேன்: “இதப் பத்தி யாராச்சும், நீங்களே கூட, எங்கயாவது எழுதியிருக்கீங்களா?” இதுவரை இரண்டு பேர் உள்ளே போய் எதையோ எடுத்து வந்திருக்கிறார்கள். ஒன்று கைப்பட எழுதிய நோட்டு.

ஆய்விதழுக்கு எழுதிப் போட்டேன். இரண்டு இதழ்கள் கழித்துத் திருத்தக் குறிப்பு வந்தது. ஆறு வரி. அதில் வாத்தியாரின் பெயரும், மலரின் பெயரும், ஆண்டும், பக்க எண்ணும் இருக்கின்றன. ஆய்வேட்டில் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, எங்கெங்கே, என்னென்ன சொற்களைப் போட்டுத் தேடினேன் என்று அரைப்பக்கம் எழுதினேன். “கேப்பு சின்னதாயிருச்சேப்பா” என்றார் கைடு. ஆமாம் என்றேன்.

திருத்தக் குறிப்பையும் என் கட்டுரையையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் வாத்தியாரிடம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததால், திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். இரண்டு மணி நேரம் ஆனது. கையில் பென்சில் வைத்திருந்தார். நான்காம் பக்கத்தில் நிறுத்தி, மூன்றாவது மடை என்று நான் எழுதியிருப்பது உண்மையில் இரண்டாவது என்றார். அதுவும் மலரில் இருந்தது. நான் அந்தப் பக்கத்தை இன்னும் சரியாகப் படித்திருக்கவில்லை.